ஒரே மரபணு, இரண்டு தட்டுகள்

அக்காவும் தங்கையும் சேர்ந்தேதான் என் அறைக்குள் வந்தார்கள். பிறப்பில் எட்டு நிமிட இடைவெளி, வயது 16. ஒரே கரு பிரிந்து உண்டான இரட்டையர். குரலும், தலையைச் சாய்த்துக் கேட்கிற விதமும் அச்சு அசல் ஒன்று. ஆனாலும் அன்றைக்குப் பார்த்த யாரும் இவர்களை இரட்டையர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல வெயில் நாளில் தங்கை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கனமான சட்டைகள் போட்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முக்கால் மணி நேரமும் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றா டாக்டர்," என்றார் அம்மா. "எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன். எடையையும் கலோரியையும் எண்ணாக எங்கும் சொல்லப் போவதில்லை. தங்கைக்கு வந்தது அனோரெக்ஸியா, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடல் ஆபத்தான அளவுக்கு மெலியும் நோய். அது உள்ள ஒருவர் இதைப் படித்தால் அந்த எண்ணே அவருக்கு ஓர் இலக்காகிவிடும். அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

நோய் வந்த வழி

எட்டு மாதங்களுக்கு முன் தங்கைக்கு வயிற்றுப்போக்கோடு கடுமையான காய்ச்சல். பத்து நாள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. தேறிப் பள்ளிக்குப் போனபோது, மெலிந்து அழகாகிவிட்டாய் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்தப் பாராட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அம்மா உறுதியாக நம்பினார். அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசியபோது வேறொன்று தெரிந்தது. பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, காய்ச்சலில் படுத்திருந்தபோதே, ஒன்று நடந்துவிட்டது.

"சின்ன வயசிலேர்ந்தே தலைக்குள்ள ஒரு இரைச்சல் இருக்கும் டாக்டர். தப்பா பேசிட்டோமா, நாளைக்கு என்ன ஆகும்னு ஓடிட்டே இருக்கும். சாப்பிடாம இருந்த அந்தப் பத்து நாள்ல அது நின்னுபோச்சு."

நான் எழுதிவைத்த குறிப்புகளில் மிக முக்கியமானது இதுதான். இந்த ஆய்வு முழுக்க இதன் பின்னால்தான் போகிறேன்.

அப்புறம் நடந்தது பல குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. முதலில் இனிப்பு நின்றது, பிறகு எண்ணெய், பிறகு இரவுச் சாப்பாடு. வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றது. ஆனால் சமையலறையில் அவள் இருக்கும் நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. மற்றவர்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டாள், சமையல் குறிப்புகளை நோட்டில் எழுதி அடுக்கினாள். விடிவதற்கு முன்பே எழுந்து மாடிப்படி ஏறி இறங்கினாள். ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. வாந்தி எடுக்கவில்லை, பேதி மாத்திரை போடவில்லை. மதிப்பெண் குறையவே இல்லை, அதனால் பள்ளியில் யாரும் கவலைப்படவும் இல்லை.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். அம்மாவின் தங்கை இருபதுகளில் எலும்பும் தோலுமாக இருந்தவர். "அவ கொறிக்கிறதே அவ்வளவுதான்" என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள், மருத்துவரிடம் காட்டவில்லை. அப்பாவுக்குப் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு, ராத்திரி நாலைந்து தடவை. இதற்கும் பெண்ணின் நோய்க்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

பரிசோதனையும் முதல் நாட்களும்

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 41. இரத்த அழுத்தம் 84/52, எழுந்து நின்றதும் இன்னும் இறங்கியது. உடல் வெப்பம் 35.3 டிகிரி செல்சியஸ். விரல் நுனிகள் நீலம் பூத்திருந்தன. முதுகில் பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய பூனைமுடி. தைராய்டு சோதனையில் டி3 என்ற ஹார்மோன் மட்டும் குறைவு, பட்டினிக்கு ஏற்ப உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டதன் அடையாளம் அது. மற்ற இரத்த அறிக்கைகள் கிட்டத்தட்ட இயல்பாக இருந்தன. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே" என்று அப்பா நிம்மதியாகச் சொன்னபோது எனக்குப் பதறியது. உடல் தன்னையே தின்று இரத்தத்தின் அளவுகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். ஆபத்து நெருங்கும் வரை அறிக்கை ஒழுங்காகவே இருக்கலாம். அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம்.

உணவை மெல்ல ஏற்றினோம். மூன்றாம் நாள் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்தது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து உள்ளே வரும்போது இன்சுலின் எழும்பும், செல்கள் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். கவனிக்காவிட்டால் இதயம் தடுமாறும், உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்து விடுதலையான கைதிகள் சாப்பிடத் தொடங்கியதும் இறந்துபோனதைப் பார்த்த மருத்துவர்கள்தான் இதை முதலில் பதிவு செய்தார்கள். நாங்கள் முதல் நாளிலிருந்தே தயமின் என்ற பி1 வைட்டமினைக் கொடுத்து, தினமும் இரத்தம் பார்த்துவந்ததால் சரிவு உடனே தெரிந்தது. பாஸ்பேட் கொடுத்துச் சரி செய்தோம். வீட்டில் பல மாதம் பட்டினி கிடந்தவருக்கு ஆசையாசையாக ஒரே நாளில் நிறைய ஊட்டிவிட நினைப்பவர்களுக்காகத்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். தயவுசெய்து மருத்துவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

"நான் எங்க தப்பு பண்ணேன்?"

ஐந்தாம் நாள் வராந்தாவில் அம்மா கேட்ட கேள்வி இது. வேலைக்குப் போனதா, டயட் என்று தான் ஒருமுறை பேசியதா, இரட்டையரில் பெரியவளைக் கொஞ்சம் அதிகம் கொஞ்சியதா என்று ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருந்தார்.

அவரை அப்படி எண்ண வைத்ததில் மருத்துவத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அனோரெக்ஸியா நெர்வோசா என்ற பெயரைக் கொடுத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், ஆண்டு 1873. கூர்மையான கண் அவருக்கு. இவ்வளவு மெலிந்த பெண்கள் எப்படி ஓயாமல் நடமாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அன்றே வியந்து எழுதினார். அதே மனிதர்தான் உறவினர்களை இந்த நோயாளிகளுக்கு மிக மோசமான துணை என்றும் எழுதினார். அந்தச் சொல் நூறு ஆண்டுக்கு மேல் நின்றது. 1970களில்கூட நோயை உண்டாக்கும் குடும்பம் என்று ஒரு வகையையே வரைந்து பாடம் நடத்தினார்கள். உண்ணுதல் கோளாறுகளுக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பு, குடும்பம்தான் இந்த நோய்க்கு முதன்மைக் காரணம் என்ற கருத்தை ஏற்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது 2010இல்தான்.

அம்மாவிடம் நான் இரட்டையர் ஆய்வுகளிலிருந்து தொடங்கினேன். ஒரே கரு இரட்டையர் தம் மரபணுக்களை முழுக்கப் பகிர்ந்துகொள்பவர்கள், இரு கரு இரட்டையர் சராசரியாகப் பாதியை. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளர்பவர்கள். வீடுதான் காரணமாக இருந்தால் இரு வகையிலும் நோய் ஒரே அளவில் ஒத்துப்போக வேண்டும். அப்படிப் போகவில்லை, ஒரே கரு இரட்டையரில்தான் மிக அதிகம் ஒத்துப்போகிறது. ஸ்வீடனின் இரட்டையர் பதிவேட்டை வைத்து சிந்தியா பூலிக் குழு 2006இல் வெளியிட்ட கணக்கில், அனோரெக்ஸியா வரும் சாத்தியத்தில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் 56 சதவீதம் மரபணுவால் வருவது. அளவுமீறி உண்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்க்கும் புலிமியாவுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான் கிடைக்கிறது, கட்டுமீறி உண்ணும் கோளாறுக்குச் சற்றுக் குறைவு. அனோரெக்ஸியா உள்ளவரின் நெருங்கிய பெண் உறவினருக்கு அது வரும் சாத்தியம் மற்றவர்களைவிடப் பதினோரு மடங்கு என்று ஒரு பெரிய குடும்ப ஆய்வு சொன்னது. அவருடைய தங்கையின் கதை எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அப்ப எங்க வம்சத்துலேர்ந்துதானே வந்தது? அதுவும் என் தப்புதானே?" என்றார். மரபணு பற்றிப் பேசும்போது எப்போதும் இந்த இடத்தில் வந்து நிற்போம். யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்காத ஒன்றில் தப்பு எப்படி வரும் என்று கேட்டேன். ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மாலையிலிருந்து பெண்ணின் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். அதுவரை, தான் இருந்தால் இன்னும் கெட்டுவிடும் என்று வெளியே நின்றுகொண்டிருந்தவர்.

அப்பாவின் கேள்வி வேறு மாதிரி. "அந்த ஜீன் எதுன்னு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?" அப்படி ஒரு மரபணு இல்லை. மூளையில் நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் தொடர்பான ஒன்றிரண்டு மரபணுக்களைக் குறிவைத்து ஒரு காலத்தில் நிறைய ஆய்வுகள் வந்தன, மறுபடி சோதித்தபோது பெரும்பாலானவை நிற்கவில்லை. 2019இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை நோய் இல்லாத 55,000 பேருடையதோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு வந்தது. அதில் நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள் சேர்ந்துதான் ஒருவரைச் சாய்க்கின்றன. தனி ஒருவருக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை இதில் எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது வேறு. அனோரெக்ஸியாவின் மரபணுப் பின்னணி, ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் பின்னணியோடு ஒன்றின் மேல் ஒன்று படிகிறது. இங்கேதான் அப்பாவின் கதவுப் பூட்டு நினைவுக்கு வந்தது. உடல் இயக்கம் அதிகமாக இருக்கும் போக்கோடும் அது படிகிறது. கூடவே இன்சுலின், கொழுப்பு, உடல் எடை போன்ற வளர்சிதை மாற்றப் பண்புகளோடும் படிகிறது. அதாவது இதை மனநோய் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, உடல் ஆற்றலைக் கையாளும் விதத்திலும் இதற்கு வேர் இருக்கிறது. பட்டினி கிடந்தால் பெரும்பாலானவர்களின் உடல் கூப்பாடு போட்டு எடையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். சிலருடைய உடல் அந்தக் கூப்பாட்டைப் போடுவதில்லை. எவ்வளவு மன உறுதியுள்ள பெண் என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் இது இருக்கலாம்.

வயதும் ஒரு கதை சொல்கிறது. அமெரிக்க இரட்டைச் சிறுமிகளிடம் நடந்த ஆய்வுகளில், 11 வயதில் உண்ணும் கோளாறின் அறிகுறிகளில் மரபணுவின் பங்கு கிட்டத்தட்ட இல்லை, 17 வயதில் ஏறத்தாழ பாதி. 11 வயதிலேயே பூப்பெய்தத் தொடங்கியவர்களைத் தனியாகப் பார்த்தால் அவர்கள் 17 வயதுக்காரர்களைப் போலவே இருந்தார்கள். வீடும் மரபணுவும் மாறவில்லை, ஹார்மோன்கள் வந்ததும் உறங்கிக் கிடந்த மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன.

இரைச்சல் நின்ற பத்து நாள்

இனி அவள் சொன்ன அந்த இரைச்சலுக்கு வருகிறேன்.

மூளையில் செரோடோனின் உண்டாக மூலப்பொருள் டிரிப்டோபான். அதை உடலால் செய்ய முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். சாப்பிடாமல் இருந்தால் டிரிப்டோபான் குறையும், செரோடோனினும் குறையும். சாதாரணமாக இது நல்லதல்ல. ஆனால் வால்டர் கே என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் குழு பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள், அனோரெக்ஸியா வரக்கூடியவர்களின் மூளையில் செரோடோனின் வேலை இயல்பாகவே தூக்கலாக இருக்கலாம் என்று காட்டுகின்றன. நோயில் மெலிந்திருக்கும்போது முதுகுத்தண்டு நீரில் செரோடோனின் கழிவுப்பொருள் குறைந்திருக்கிறது, நன்றாகக் குணமாகி ஓராண்டுக்கு மேல் ஆனவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே பதற்றம், தவறே செய்யக் கூடாது என்ற பிடிவாதம், ஒழுங்குமீது ஒரு வெறி ஆகியவை நோய்க்கு முன்பே இவர்களிடம் இருப்பதற்கு இது ஒரு விளக்கம். டிரிப்டோபான் இல்லாத பானத்தைக் கொடுத்துச் சோதித்தபோது, அனோரெக்ஸியா உள்ளவர்களுக்கும் அதிலிருந்து குணமானவர்களுக்கும் பதற்றம் குறைந்தது.

காய்ச்சலில் கிடந்த அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான் என்று நான் கருதுகிறேன். அவள் பட்டினியைத் தேடிப் போகவில்லை. தற்செயலாக வந்த பட்டினி, வாழ்நாளில் முதல்முறையாக அவள் தலைக்குள் அமைதியைக் கொண்டுவந்தது. அந்த அமைதியை அவள் விட விரும்பவில்லை.

புலிமியாவில் இதற்கு எதிர்மாறு. குணமான பெண்களிடம் அதே பானச் சோதனையைச் செய்தபோது மனம் சோர்ந்தது, உடல் எடை பற்றிய கவலையும் உண்ணும் கட்டுப்பாடு போய்விடுமோ என்ற அச்சமும் திரும்பின. ஒரே வேதிப்பொருள் குறையும்போது ஒருவருக்கு நிம்மதியும் இன்னொருவருக்கு இருட்டும் வருகிறது.

அனோரெக்ஸியாவில் அந்த நிம்மதியும் நிலைப்பதில்லை. செரோடோனின் குறைந்ததும் மூளை அதைப் பிடித்துக்கொள்ளும் தன் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது என்பது கே தரும் விளக்கம். அப்புறம் கொஞ்சம் சாப்பிட்டாலே பதற்றம் பழைய அளவையும் தாண்டி எகிறும். அதை அடக்க இன்னும் குறைவாகச் சாப்பிட வேண்டும். மருத்துவமனையில் முதல் வாரம் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் அழுதது நடிப்போ அடமோ இல்லை. "பாருங்க, சாப்பிட்டா இது திரும்பி வருது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வரும்தான். முதல் சில வாரம் வரும், பிறகு தணியும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பொய்யாக ஆறுதல் சொல்லியிருந்தால் அவள் எங்களை நம்பியிருக்க மாட்டாள்.

இன்பத்தோடும் ஆசையோடும் தொடர்புள்ள இன்னொரு மூளை வேதிப்பொருளான டோபமைனின் பங்கும் உண்டு. ஆம்பெட்டமைன் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்து மூளையில் டோபமைனை எழுப்பியபோது ஆரோக்கியமானவர்களுக்கு இன்பமும், அனோரெக்ஸியாவிலிருந்து குணமானவர்களுக்குப் பதற்றமும் வந்தது என்று ஓர் ஆய்வு உண்டு. மற்றவர்களுக்கு ருசி கொடுக்கும் கிளர்ச்சி இவர்களுக்கு அபாய மணியாக ஒலிக்கலாம். நாளாக நாளாக, உணவைத் தேர்ந்தெடுக்கும்போது பழக்கங்களை நடத்தும் மூளைப் பகுதியின் பங்கு இவர்களிடம் கூடியிருப்பதையும் மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. அந்த நிலையில் "ஏன் சாப்பிட மாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. அவளுக்கே தெரியாது.

நிற்காமல் ஆடிய அந்தக் குதிகாலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எலிகளுக்கு நாளில் சிறிது நேரம் மட்டும் உணவு கொடுத்து, ஓடுவதற்குச் சக்கரமும் வைத்தால், அவை சாப்பாட்டைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுகின்றன. நிறுத்தாவிட்டால் ஓடியே சாகின்றன. உடல் கொழுப்பு கரையும்போது லெப்டின் என்ற ஹார்மோன் சரிகிறது. பட்டினி எலிக்கு லெப்டினைக் கொடுத்தால் அந்த ஓட்டம் அடங்குகிறது. எடையைக் குறைக்க அவள் திட்டமிட்டுச் செய்யும் உடற்பயிற்சி என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். ஒரு பங்கு அப்படித்தான். மறு பங்கு, பசித்த விலங்கு இரை தேடி அலையும் அலைச்சல்.

சமையல் குறிப்பு நோட்டும் அப்படித்தான். 1944 முதல் 1945 வரை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், நல்ல உடல்நலமுள்ள 36 ஆண்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் ஏறத்தாழ கால் பங்கு போனது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், தனியே ஒதுங்கினார்கள். இவர்களில் யாருக்கும் முன்பு உண்ணுதல் கோளாறு இல்லை. நோயின் குணம் என்று நாம் நினைக்கும் பலவும் வெறும் பட்டினியின் குணம் என்பதை இந்த ஆய்வைப்போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை.

மாத்திரை

"மூளை கெமிஸ்ட்ரின்னா அதுக்கு மாத்திரை இருக்குமே?" அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. புலிமியாவுக்கு ஃப்ளுயோக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து உதவுகிறது, மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவில். அனோரெக்ஸியாவில் எடை குறைந்திருக்கும்போது அதே மருந்து பயன் தருவதில்லை. அந்த வகை மருந்துகள், இருக்கும் செரோடோனினை நரம்பு இடைவெளியில் நீண்ட நேரம் நிறுத்திவைப்பவை. பட்டினி கிடக்கும் மூளையில் நிறுத்திவைக்க ஒன்றும் இல்லாததே இதற்குக் காரணமாக இருக்கலாம். எடை தேறியவர்களிடமும், நோய் திரும்புவதை ஃப்ளுயோக்செட்டின் தடுக்கவில்லை என்று 2006இல் வந்த கவனமான ஆய்வு காட்டியது. ஒலான்சபின் என்ற மனநல மருந்து எடை ஏற ஓரளவு உதவும், அதையும் எங்கள் பெண்ணுக்கு நாங்கள் தொடங்கவில்லை. மூளையின் வேதியியலைத் திருத்தும் மருந்து இப்போதைக்கு அவள் தட்டில்தான் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சையைப் பின்பற்றினோம். சில மாதங்களுக்கு, என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்ற முடிவைப் பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தக் கூடாது, கெஞ்சக் கூடாது, தட்டு காலியாகும் வரை எழுந்திருக்கவும் கூடாது. ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. அப்பா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். எடை ஏழு மாதத்தில் திரும்பியது, மாதவிடாய் ஒன்பதாம் மாதம். எண்ணங்கள் மெதுவாகத்தான் தேறின. எடை தேறிய பிறகும் ஏறக்குறைய அரை வருடம் கண்ணாடியைப் பார்க்க அவள் பயந்தாள். குடும்பங்கள் களைத்துப்போய்ச் சிகிச்சையை விடுவது இந்த இடைவெளியில்தான். உடம்பு தேறிவிட்டதே, இன்னும் என்ன என்று தோன்றும். இரைச்சலுக்கு அப்போதுதான் பேச்சுவழிச் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. அதற்கு முன் பேசியதில் பாதி அவள் நினைவிலேயே இல்லை.

அக்கா

மூத்தவள் எல்லாச் சந்திப்புக்கும் வந்தாள், ஒன்றும் பேச மாட்டாள். நான்காம் மாதம் தனியாகப் பேச வேண்டும் என்றாள்.

"எனக்கும் வருமா டாக்டர்?"

ஒரே மரபணு உள்ளவளிடம் வராது என்று சொல்ல எனக்கு வழியில்லை. சிறிய இரட்டையர் ஆய்வுகளில், ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் ஏறத்தாழ பாதி ஜோடிகளில் மற்றவருக்கும் இருந்தது. அதையே திருப்பிச் சொன்னால், மீதிப் பாதிக்கு இல்லை. இரண்டையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "போன வருஷம் ஒருநாள் பரீட்சைக்காகச் சாப்பிடாம இருந்தேன். அன்னிக்கு எனக்கும் தலை லேசா இருந்தது. நல்லாவே இருந்தது. அம்மா கூப்பிட்டாங்க, சாப்பிட்டுட்டேன்."

அவ்வளவுதான் வித்தியாசம். அக்காவுக்கு அது ஒருநாளில் முடிந்தது, தங்கைக்குக் காய்ச்சல் பத்து நாள் நீட்டியது. இருவருக்குள்ளும் இருந்த பலவீனம் ஒன்றே என்று நான் நினைக்கிறேன், அதைத் தொட்டெழுப்பும் அளவுக்குப் பட்டினி நீண்டது ஒருத்திக்குத்தான். ஆகவே அக்காவுக்குக் கொடுத்த அறிவுரை எளிமையானது. வேளை தவறாமல் சாப்பிடு. உடம்பு சரியில்லாமல் எடை இறங்கினால், தேறியதும் அந்த எடையைத் திரும்பப் பிடி, தள்ளிப்போடாதே. சாப்பிடாமல் இருக்கும்போது நிம்மதியாக இருந்தால் அன்றே யாரிடமாவது சொல்.

பதினான்காம் மாதம் தங்கைக்கு மறுபடி காய்ச்சல், ஒரு வாரம் படுக்கை. காய்ச்சல் விட்டபின் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் விழ ஆரம்பித்தது. பெற்றோர் கவனிக்கவில்லை, மருந்தின் களைப்பு என்று நினைத்தார்கள். எனக்குத் தொலைபேசியில் சொன்னது அக்காதான். "அவ முகத்துல அந்த நிம்மதி தெரியுது டாக்டர், எனக்கு அது தெரியும்." அடுத்த வாரமே வந்தார்கள். பெற்றோர் மறுபடியும் சாப்பாட்டைக் கையில் எடுத்தார்கள், ஆறு வாரத்தில் அவள் பழைய இடத்துக்கு வந்தாள். மருத்துவமனை தேவைப்படவில்லை.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. இருவரும் வெவ்வேறு ஊர்களில் படிக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அலைபேசியைத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். தொடர்ந்து இரண்டு நாள் யாருடைய அழைப்பு தவறினாலும் மற்றவள் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் மூவருக்குள் பேச்சு. போன மாதம் ஒருமுறை அப்படி ஒரு செய்தி வந்தது. இந்த முறை அழைப்பைத் தவறவிட்டது அக்கா. அவளுக்கு நான் பேசினேன். வயிற்று உபாதை, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "தலை லேசா இருக்கு டாக்டர், அதான் நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். தங்கை அன்றிரவே ரயிலேறி அவள் ஊருக்குப் போய்விட்டாள்.